குழல் விளக்கும் இல்லத்துப் பசுமையும்

முன்னுரை

இளங்கோவடிகள் தம் காப்பியத்தைத் தொடங்குமிடத்துத் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றினார். உழவை உயிராகக் கொண்ட ஒரு சமுதாயம், தன் உணவு எங்கிருந்து வருகிறது என்பதை உணர்ந்து செலுத்திய நன்றியே அது. கதிரவன் ஒளி இன்றேல் பயிர் இல்லை. பயிர் இன்றேல் உயிர் இல்லை. ஆயினும் இன்று நம்முள் பலர், கதிரவன் எட்டியும் பாராத அறைகளில் வாழ்ந்து வருகிறோம். முற்றம் வைத்த வீடுகள் அருகிவிட்டன; சுவரோடு சுவர் ஒட்டிய அடுக்கு மாடிகள் பெருகிவிட்டன. மனிதர் இதற்கு ஒருவாறு பழகிக் கொள்வர்; செடிகள் பழகா.

சில ஆண்டுகளுக்கு முன் எம் தாயார், சிற்றூரில் இருந்த பழைய வீட்டை விட்டு எம்மோடு நகரத்துக்கு வந்தபோது, துணிமூட்டையுடன் மூன்று தொட்டிகளையும் கொணர்ந்தார். ஒன்றில் கற்பூரவல்லி, மற்றொன்றில் புதினா, மூன்றாவதில் மருதாணிக் கன்று. எம் இல்லத்தின் ஒரே சாளரமோ அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்தது. ஒரு திங்களுக்குள் கற்பூரவல்லியின் தண்டு கொடிபோல் நீண்டு வெளிறியது. புதினா இலை உதிர்த்தது. அவற்றைக் காக்கும் எண்ணத்தால் ஒரு பழைய குழல் விளக்கை அவற்றின்மேல் கட்டித் தொங்கவிட்டோம். செடிகள் பிழைத்தன. ஆனால் அதே விளக்கு ஒரு நாள் எம் தாயாரின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. அந்நிகழ்ச்சியைப் பின்னர்க் கூறுவோம்.

செடிக்கேற்ற குழல் விளக்கைத் தேர்வது எங்ஙனம்? அதனைத் தீங்கின்றிப் பயன்படுத்துவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியர்க்கு இப்பொருளில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். வீட்டில் மின்சாரத்தைக் கையாள்வோர் எல்லாரும் மின்னியல் கற்றவர் அல்லர். அவர்தம் மொழியில் அவர்க்கு விளங்கும்படி சொல்லப்படாத எச்சரிக்கை, சொல்லப்படாததே ஆகும். அறிவியல் தமிழ் என்பது கலைச்சொற் பட்டியலோடு நின்றுவிடாமல் அடுக்களை வரையில் வரவேண்டும் என்பதே நம் விழைவு.

ஒளி என்னும் உணவு

செடிக்கு நீரும் மண்ணும் போதும் என்றே நெடுங்காலம் கருதி வந்தனர். 1779-ஆம் ஆண்டில் யான் இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு நாட்டு மருத்துவர், பச்சை இலைகளை நீரில் அமிழ்த்தி ஆய்ந்தார். வெயிலில் வைத்தபோது இலைகளிலிருந்து குமிழிகள் எழுந்தன. இருளில் வைத்தபோது எழவில்லை. இதற்குக் காரணம் கதிரவனின் வெப்பம் அன்று, ஒளியே என அவர் நிறுவினார். இன்று நாம் ஒளிச்சேர்க்கை என வழங்கும் உண்மையின் அடிப்படை இதுவே.

அடுத்து எழுந்த வினா, எந்த நிறத்து ஒளி செடிக்கு உகந்தது என்பதாகும். 1882-இல் தியோடர் எங்கல்மன் என்னும் செருமானிய அறிஞர், ஒரு பாசி இழையின்மீது வானவில்லின் நிறங்கள் வரிசையாக விழுமாறு செய்தார். உயிர்வளியை நாடும் நுண்ணுயிரிகளை அந்நீரில் விட்டார். அவை செந்நிறமும் நீல நிறமும் விழுந்த இடங்களிலேயே மொய்த்தன. அவ்விடங்களில்தான் உயிர்வளி மிகுதியாக வெளிப்பட்டது என்பது இதனால் புலனாயிற்று. பச்சை ஒளியில் ஒரு பகுதியை இலை திருப்பி அனுப்பிவிடுகிறது; நம் கண்ணுக்கு அது பச்சையாகத் தோன்றுவதற்கும் அதுவே காரணம். நீல ஒளி செடியைக் குறுகத் தரித்துத் திண்மையாக வளரச் செய்யும். செவ்வொளி வளர்ச்சிக்கும் பூப்புக்கும் துணை புரியும். ஆகவே செடிக்கு உதவும் விளக்கில் இவ்விரு நிறங்களும் இருத்தல் வேண்டும்.

ஒளியின் அளவும் கருதத்தக்கது. நண்பகல் வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் ஒளி உண்டு. நாம் எளிதாக நூல் படிக்கும் அறையிலோ 100 முதல் 300 லக்ஸ் வரையே இருக்கும். நம் கண்மணி விரிந்தும் சுருங்கியும் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. "இவ்வறையில் நல்ல வெளிச்சம் இருக்கிறதே, செடி ஏன் வாடுகிறது?" எனப் பலர் வியப்பது இதனாலேயே. கண்ணுக்கு விருந்தாக அமையும் ஒளி, இலைக்குப் பட்டினியாகவும் அமையலாம்.

குழலுக்குள் நிகழ்வது

குழல் என்னும் சொல் தமிழில் இசைக்கருவியையும் குறிக்கும். மகளிர் கூந்தலையும் குறிக்கும். உள்ளே துளையுடைய எப்பொருளையும் குறிக்கும். டியூப் லைட் என்று மக்கள் வழங்குவதற்குக் குழல் விளக்கு என்பது பொருத்தமான பெயரே. 1938-இல் அமெரிக்காவில் இவ்விளக்கு விற்பனைக்கு வந்தது.

கண்ணாடிக் குழலுக்குள் ஆர்கான் என்னும் வளியும் சிறிதளவு பாதரசமும் குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். மின்னோட்டம் பாயும்போது பாதரச ஆவி கிளர்ச்சியுற்றுப் புறஊதாக் கதிரை வெளியிடும். அக்கதிர் கண்ணுக்குப் புலப்படாது. குழலின் உட்சுவரில் பூசப்பட்ட வெண்பொடி அதனை உட்கொண்டு, கண்ணுக்குப் புலப்படும் ஒளியாக மாற்றித் தருகிறது. ஸ்டார்ட்டர் இவ்வோட்டத்தைத் தொடங்கி வைக்கும். சோக் அதனை அளவு மீறாமல் கட்டுப்படுத்தும்.

பழைய குண்டு விளக்கு தான் பெறும் ஆற்றலில் மிகப் பெரும் பகுதியை வெப்பமாகவே வீணாக்கிவிடும்; அதன் அருகில் வைத்த இலை கருகும். குழல் விளக்கு அத்துணைச் சுடாது. அதனால் இலைக்குச் சில விரற்கடைத் தொலைவிலும் அதனை வைக்கலாம். இவ்வியல்பே அதனைச் செடி வளர்ப்போர்க்கு உற்ற துணை ஆக்கிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க இல்லங்களின் நிலவறைகளில், கிழக்கு ஆப்பிரிக்க மலைகளைத் தாயகமாகக் கொண்ட ஆப்பிரிக்க வயலட் செடிகளைக் குழல் விளக்கின்கீழ் வளர்ப்பது பலருக்கு உவப்பான பொழுதுபோக்காக விளங்கியது.

தேர்ந்தெடுக்கும் முறை

கடையில் நாம் முதலில் காண்பது குழலின் பருமன். டி-12 எனப்படும் தடித்த குழலின் விட்டம் ஒன்றரை அங்குலம். டி-8 ஓர் அங்குலம். டி-5 ஓர் அங்குலத்தின் எட்டில் ஐந்து பங்கு. டி என்பதை அடுத்து வரும் எண், எத்தனை எட்டில் ஒரு பங்கு அங்குலம் என்பதைச் சுட்டுகிறது. நான்கடி நீளத்தில் டி-12 குழல் 40 வாட், டி-8 குழல் 36 வாட், டி-5 குழல் 28 வாட் என்பன பெருவழக்கு. மெல்லிய குழல் குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தரும். ஆயின், ஒன்றுக்குரிய பட்டியில் மற்றொன்றை மாட்டலாம் என எண்ணுதல் கூடாது; டி-5 குழலுக்கு அதற்குரிய மின்னணுச் சோக் இன்றியமையாதது.

அடுத்து நோக்க வேண்டியது நிறம். குழலின் முனையில் 865, 830 போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் இலக்கமாகிய 8, பொருள்களின் நிறத்தை அவ்விளக்கு நன்கு காட்டும் என்பதற்கு அடையாளம். அடுத்துள்ள 65 என்பது 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெண்மை. 30 என்பது 3000 கெல்வின், அதாவது செம்மஞ்சள் கலந்த வெண்மை. முன்னதைக் கூல் டே லைட் என்றும் பின்னதை வார்ம் ஒயிட் என்றும் கடைக்காரர் கூறுவர். நாற்றுக்கும் கீரைக்கும் 6500 கெல்வின் குழலே போதுமானது. பூக்கும் செடியாயின், இரண்டிலும் ஒவ்வொன்று சேர்த்து மாட்டுவது நன்று. செடிக்கென்றே செய்யப்பட்ட இளஞ்சிவப்புக் குழல்களும் உள. அவை விலை மிகுந்தவை. மேற்கூறிய எளிய இணையே பெரும்பாலான இல்லங்களுக்குப் போதும்.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது, நுண்ணுயிரிகளைக் கொல்லும் புறஊதாக் குழல்கள் பரவலாக விற்பனைக்கு வந்தன. அவை வெண்பூச்சு இன்றித் தெளிந்த கண்ணாடியாகத் தோன்றும். அக்கதிர் கண்ணையும் தோலையும் இலையையும் ஒருங்கே புண்படுத்தும். வடிவம் ஒத்தது என்பதற்காக அவற்றைச் செடிக்கு மாட்டுதல் ஒருபோதும் கூடாது.

தொலைவும் நேரமும்

விளக்கைக் கூரையில் மாட்டிச் செடியைத் தரையில் வைப்பதால் பயன் இல்லை. குழலுக்கு அருகில், தொலைவு இருமடங்கானால் ஒளி ஏறக்குறையப் பாதியாகும். இன்னும் விலகினால் அதனினும் விரைந்து குறையும். ஆதலின் நாற்றுகட்கு 5 முதல் 10 சென்டிமீட்டர், கீரைக்கும் பூச்செடிக்கும் 15 முதல் 30 சென்டிமீட்டர், நிழலை விரும்பும் இலைச் செடிகட்கு 30 முதல் 45 சென்டிமீட்டர் எனத் தொலைவு அமைத்தல் வேண்டும். செடி வளர வளர விளக்கை உயர்த்துவதற்கு வாய்ப்பாகச் சங்கிலியில் தொங்கவிடுவதே சிறந்தது. குழலின் நடுப்பகுதியில் ஒளி மிகுதி. இரு முனைகளிலும் குறைவு. ஒளியை மிகுதியாக வேண்டும் செடிகளை நடுவில் வைக்க வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, நாற்றுக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரமும், இலைச் செடிக்கு 12 மணி நேரமும் தக்கன. இரவு முழுதும் எரியவிட்டால் இன்னும் செழிக்கும் என எண்ணுவது பிழை. செடிக்கும் இருள் வேண்டும். சாமந்தி போன்றவை நீண்ட இரவு வாய்த்தால்தான் அரும்பு கட்டும். நாளும் ஒரே நேரத்தில் ஏற்றி அணைக்க டைமர் சுவிட்சு ஒன்று உதவும்.

செலவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். இரு 36 வாட் குழல்களும் அவற்றின் செம்புக் கம்பிச் சோக்குகளும் சேர்ந்து ஏறத்தாழ 100 வாட் எடுக்கும். நாளைக்கு 14 மணி நேரம் எனின் 1.4 அலகு, இரண்டு திங்களுக்கு 84 அலகு. 2016-இல் தமிழகத்தில் வீடுகட்கு இரு திங்களுக்கு ஒருமுறை முதல் 100 அலகு கட்டணமின்றி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. இரண்டே குழல்கள் அச்சலுகையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதை இல்லத்தார் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேலும், நாளைக்கு 14 மணி நேரம் எரியும் குழல் ஓராண்டில் 5,000 மணி நேரத்தைக் கடந்துவிடும். எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் ஒளி மெல்லக் குறைந்து வரும். முனைகள் கருத்தால், அல்லது செடி காரணமின்றி நீண்டு வெளிறினால், குழலை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என அறியலாம். திங்கள் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திக் குழல் ஆறிய பின், உலர்ந்த துணியால் தூசு துடைப்பதும் ஒளியைக் காக்கும்.

எச்செடி வளரும், எச்செடி வளராது?

புதினா, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, கற்பூரவல்லி ஆகியன குழல் விளக்கில் நிறைவாக வளரும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் நாற்றுகளை எழுப்பிப் பின் வெயிலுக்கு மாற்றலாம். அங்ஙனம் மாற்றுங்கால் ஒரு வார காலம் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குதல் வேண்டும். பெரணி, மணி பிளாண்ட், பாம்புக் கற்றாழை முதலியன குறைந்த ஒளியிலும் நிலைத்து நிற்கும். ரோசா, மல்லிகை, மருதாணி, முருங்கை ஆகியவை வெயிலின் பிள்ளைகள். அவற்றை ஒன்றிரண்டு குழல்களால் ஏமாற்ற இயலாது. எம் தாயாரின் மருதாணிக் கன்றும் விளக்கின்கீழ்த் தேறவில்லை.

மின்சாரம் என்னும் இருமுனை வாள்

இனி, முன்னர்க் கூறாது விடுத்த நிகழ்ச்சிக்கு வருவோம். எம் இல்லத்து விளக்கின் பட்டி இரும்பால் ஆனது. அதனை யாமே கட்டினோம். இரு முள் பிளக்கு ஒன்று கையில் கிடைத்தமையால், எர்த் கம்பியை வெட்டி விட்டுவிட்டோம். விளக்கு எரிந்தது, செடி தழைத்தது, எல்லாம் செவ்வனே அமைந்தது என மகிழ்ந்திருந்தோம். ஒரு மாலை, எம் தாயார் முற்றத்தில் செய்து பழகிய வண்ணமே, எரியும் விளக்கின்கீழ்க் கை நிறைய நீர் அள்ளிச் செடிமேல் தெளித்தார். நீர் ஹோல்டருக்குள் இறங்கியது. ஈரக் கையால் பட்டியைச் சற்று நகர்த்த முயன்றவர், ஓர் ஓலத்துடன் பின்னே வீசப்பட்டார். தொட்டி உடைந்தது, குழல் நொறுங்கியது. அவர் வீசப்பட்டதால் பிழைத்தார். கை அதனைப் பற்றிக்கொண்டிருப்பின் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவும் அஞ்சுகிறோம். அன்றிரவு மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "செடிக்கு வெளிச்சம் வேணும்தான் வாப்பா. அதுக்காகக் கடிக்கிற வெளிச்சத்தையா வாங்கி வைக்கிறது?"

அவ்வினாவுக்கு எம்மிடம் விடை இல்லை. பிழை விளக்கினுடையது அன்று, எம்முடையது. அன்று யாம் கற்ற பாடங்களைப் பிறர்க்குப் பயன்படுமாறு தொகுத்துரைக்கிறோம்.

ஒன்று: இரும்புப் பட்டி எனில் மூன்று முள் பிளக்கும் உயிருள்ள எர்த் இணைப்பும் கட்டாயம் வேண்டும். சுவரில் மூன்றாம் துளை இருப்பதால் மட்டுமே எர்த் உண்டு எனக் கொள்ளலாகாது. மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல் வேண்டும்.

இரண்டு: 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புக் கருவியை வீட்டில் பொருத்துதல் வேண்டும். ஓர் உயிரோடு ஒப்பிட அதன் விலை பெரிதன்று.

மூன்று: நீர் ஊற்றுமுன் சுவிட்சை நிறுத்துவதோடு அமையாது பிளக்கையும் பிடுங்குதல் வேண்டும். செடியை விளக்கின்கீழிருந்து வெளியே எடுத்து, நீர் வார்த்து, வடிந்த பின் திரும்ப வைப்பது அதனினும் நன்று.

நான்கு: கம்பி, பிளக்குத் துளையை அடையுமுன் தாழ்ந்து தொங்கி மேலேறுமாறு அமைத்தல் வேண்டும். கம்பி வழியே வழியும் நீர், தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

ஐந்து: சோக் சூடேறும் பொருள். மூடிய அலமாரிக்குள்ளோ திரைச்சீலை, காகிதம் ஆகியவற்றின் அருகிலோ அதனை வைத்தல் தீயை விருந்துக்கு அழைப்பதாகும். விட்டு விட்டு மின்னும் பழங்குழலையும் உடனே மாற்றிவிடுதல் வேண்டும்.

ஆறு: ஒருவரை மின்சாரம் தாக்கின், அவரைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துதல் வேண்டும். அவர் எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டுதல் நலம்.

நொறுங்கிய குழலும் பாதரசமும்

அன்று நொறுங்கிய குழலைத் துடைப்பத்தால் பெருக்கிக் குப்பையில் போட்டோம். அதுவும் பிழையே என்பதைப் பின்னரே அறிந்தோம். ஒரு குழலில் உள்ள பாதரசம் சில மில்லிகிராமே. பழைய தடித்த குழல்களில் அதனினும் மிகுதி. ஆயினும் துடைப்பம் அதனை அறை முழுதும் பரப்பிவிடும்.

குழல் உடைந்தால் குழந்தைகளை வெளியேற்றிச் சாளரங்களைத் திறந்து, கால் மணி நேரம் அறையை விட்டு நீங்கியிருத்தல் வேண்டும். பின் கையுறை அணிந்து, கெட்டி அட்டையால் துண்டுகளைத் திரட்டி, பொடியை ஒட்டும் நாடாவாலும் ஈரக் காகிதத்தாலும் ஒற்றியெடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அடைத்தல் வேண்டும். உடைந்த குழலின் பொடி விழுந்த கீரையை உண்ணலாகாது. அத்தொட்டியின் மண்ணையும் மீண்டும் பயன்படுத்தலாகாது.

சில மில்லிகிராமுக்கு இத்துணை அச்சமா எனக் கேட்கலாம். ஒரு வீட்டின் சில மில்லிகிராம், ஓர் ஊரின் குப்பைமேட்டில் கிலோகிராம் ஆகும். அது நீர்நிலையை அடைந்தால் நுண்ணுயிரிகள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனின் உடலில் சேர்ந்து நம் உணவுத் தட்டுக்குத் திரும்பும். சப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு தொழிற்சாலைக் கழிவால் விளைந்த இக்கொடிய நோய் 1956-இல் கண்டறியப்பட்டது. நம் கொடைக்கானலில் பாதரசக் கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கண்டெடுக்கப்பட்டதைத் தொடர்ந்து, அங்கிருந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டதை நம்முள் பலர் அறிவர். மீனை நாளும் உண்ணும் கடற்கரை ஊர்கட்கு இச்செய்தி தொலைவில் நிகழ்ந்த கதை அன்று.

குழல் விளக்கின் அந்திப் பொழுது

மினமாட்டாவின் பெயராலேயே 2013-இல் பாதரசக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை ஒன்று ஏற்கப்பட்டது. 2017-இல் அது நடைமுறைக்கு வந்தது. 2018-இல் இந்தியா அதனை உறுதி செய்தது. 2023-இல் செனீவாவில் கூடிய அதன் உறுப்பு நாடுகள், பொது ஒளியூட்டலுக்கான குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் முடிவுக்குக் கொணர 2027-ஆம் ஆண்டை இறுதி எல்லையாக வகுத்தன. நம் நாட்டில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலிலும் பாதரச விளக்குகள் இடம் பெற்றுள்ளன. பழுதான குழல்களை உடைக்காமல் உறையிலிட்டுக் கழிவு சேகரிப்போரிடம் தனியே ஒப்படைத்தல் நம் கடமை.

எனவே, வீட்டில் நல்ல குழல்களும் பட்டிகளும் இருப்பின் மேற்கூறிய காப்புகளோடு பயன்படுத்தலாம். புதிதாக வாங்குவோர் எல்.இ.டி. குழலை நாடுவதே அறிவுடைமை. அதில் பாதரசம் இல்லை. மின்செலவும் ஏறக்குறையப் பாதி. நிறத்தின் எண், தொலைவு, நேரம் பற்றி மேலே கூறியவை பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். ஆனால் பழைய பட்டியில் எல்.இ.டி. குழலை அப்படியே செருகுதல் இடர் தரும். சில வகைக்குச் சோக்கை நீக்கிக் கம்பிகளை மாற்றி இணைத்தல் வேண்டும். சில வகையில் ஒரு முனையைச் செருகியதும் மறுமுனையின் முட்களில் மின்சாரம் பாயக்கூடும். உறையில் உள்ள வரைபடத்தைப் பார்த்து, மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னரே இப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.

முடிவுரை

செடிக்கு ஒளி தருவது ஒரு நற்செயல். அந்நற்செயலைச் செய்யும் கைக்கும், அக்கை விட்டெறியும் குப்பை சென்று சேரும் நீருக்கும் தீங்கு நேராமல் காப்பது அதன் மறுபாதி. முதற்பாதியை மட்டும் அறிந்திருந்த யாம், மறுபாதியைத் தாயின் துன்பத்தால் கற்றோம். மாணவச் செல்வங்கள் இதனைப் படித்தே கற்றுக்கொள்வாராக.

இன்று எம் இல்லத்துப் புதினாவும் கற்பூரவல்லியும், எர்த் இணைப்புள்ள புதிய பட்டியின்கீழ்ச் செழித்து நிற்கின்றன. மருதாணிக் கன்றை மட்டும், அண்டை வீட்டார் இசைவு தந்தமையால், அவர்தம் மொட்டை மாடியில் வைத்துவிட்டோம். அது அங்கே வெயிலில் புதராகிவிட்டது. பெருநாளுக்கு முதல் நாள் எம் தாயார் மாடியேறிச் சென்று இலை பறித்து வருகிறார். புதினாவுக்கு நீர் வார்க்குமுன்போ, ஒவ்வொரு முறையும் அவரே குனிந்து பிளக்கைப் பிடுங்கி வைக்கிறார்.